திருப்பி நிறுத்திய சைக்கிள்

எனக்குச் சைக்கிள் மேல் இருந்த வெறியைச் சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிற ஓட்டத்தைச் சொல்லவில்லை. ரோடு. காற்று காதில் அறைய, ஓசூர் மேட்டிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இறங்கிப் போய், மறுபடி அதே மேட்டில் மூச்சு முட்ட ஏறி வருவது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் என்னைக் கேட்டிருந்தால், எந்தத் திருப்பத்தில் எந்தப் புளியமரத்து வேர் தாரைப் பிளந்துகொண்டு எழுந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மறைத்துவிட்டான் என்று பிறகு யாரும் பேசக் கூடாது. அந்த ரோட்டில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தில் முக்கால்வாசி, யாரோ ஒருவர் செத்ததால் கிடைத்தது.

மத்திகிரி மாட்டுப் பண்ணையில் அப்பா புல் அறுத்தார். நான் பால் கொட்டகையில் மாடு கழுவினேன். அதே பண்ணையில் லாரி ஓட்டியவர் ஒருவர் யுத்தத்துக்குப் போய் வந்தவர். அவருடைய பழைய சைக்கிளைத்தான் நான் வாங்கினேன். எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவருக்கு விறகு பிளந்து கொடுத்தது அதற்காகத்தான். யுத்தத்தின்போது அவர் ஏதோ ஒரு தீவில் இருந்தாராம். நடுவில் நெருப்புக் கக்குகிற மலை, சுற்றிலும் கடல், மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து வளைந்து ஒரு ரோடு. லீவு கிடைத்தால் அந்த ரோட்டில் சைக்கிளில் சுற்றுவார்களாம். “ஒரு பக்கம் புகை, ஒரு பக்கம் அலை, நடுவுல நாங்க. அட போடா, அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாது” என்பார்.

புரியாமல் என்ன? நான் கடலைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். மேலுமலை இறக்கத்தின் உச்சியில் நின்றால் கீழே கிருஷ்ணகிரிப் பக்கம் வெட்டவெளி முழுக்க வெயிலில் வெளுத்துக் கிடக்கும். அதுதான் கடல் என்று வைத்துக்கொள்வேன். இரண்டு பக்கமும் யானை யானையாகக் கறுத்த பாறைகள். அவையும் ஒரு காலத்தில் நெருப்பில் வெந்தவையாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல், அந்தக் கடலுக்குள் இறங்குவேன். அப்போது என் வாய் தானாக எதையாவது கத்தும். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

சைக்கிள் வாங்கினால் மட்டும் போதாது. எங்கள் ஆட்கள் பெரிய வீட்டுக்காரர்கள் தெருவில் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது. தெரு முனையில் இறங்கி, தள்ளிக்கொண்டு போய், மறுமுனையில் ஏறிக்கொள்ள வேண்டும். சொந்தச் சைக்கிளைக் கன்றுக்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு போகும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளியில் காட்ட முடியுமா? காட்டினால் அப்பாவின் வேலை போகும். பண்ணையில் வேலை செய்தாலும் நாங்கள் குடியிருந்த இடம் அவர்களுடையதுதான். அவர்கள் வீட்டில் யாராவது செத்தால் ஊர் ஊராகப் போய் இழவு சொல்வது எங்கள் ஆட்களின் வேலை. முன்பெல்லாம் நடந்தே போவார்கள். நான் சைக்கிள் வாங்கியதும் அந்த வேலை மொத்தமாக என் தலையில் விழுந்தது. சூளகிரியா, கிருஷ்ணகிரியா, அதற்கும் கீழேயா, கூப்பிடு அவனை. பண்ணையில் லீவும் அவர்களே சொல்லி வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.

இழவு சொல்வதற்கு முறை இருக்கிறது. வாசலுக்குள் போகக் கூடாது. சைக்கிளைச் சுவரில் சாய்க்கக் கூடாது, ஸ்டாண்டு போடக் கூடாது. வந்த திசைக்கே முன் சக்கரத்தைத் திருப்பி, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நிற்க வேண்டும். தண்ணீர் கொடுத்தால் வாங்கக் கூடாது. வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்ததும், இன்னார் தவறிவிட்டார், இத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போய்விட வேண்டும். சைக்கிள் திரும்பி நிற்பதைப் பார்த்தாலே போதும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பெண்கள் மாரில் அடித்துக்கொள்வார்கள். இரண்டு வருஷத்தில் இது என் கைக்கே பழகிவிட்டது.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். என்னைவிட ஆறு வயதுதான் பெரியவள். காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு காலனியில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். கல்யாணத்தன்று தாம்பூலத் தட்டை, அக்கா புருஷனான மாமாவின் பெரியப்பாவுக்கு முதலில் நீட்டாமல் வேறு யாருக்கோ நீட்டிவிட்டார்கள். அதில் ஒரு வார்த்தை, அதற்கு மேல் ஒரு வார்த்தை. அப்பாவுக்குக் கோபம் வந்தால் தமிழ் ஓடிப்போய்க் கன்னடம் வந்துவிடும். “ஹோகலோ, போங்கடா, உங்க சம்பந்தமே வேணாம்” என்று பந்தலிலேயே சொல்லிவிட்டார். அவர்களும் சும்மா இருப்பார்களா? பெண்ணை அழைத்துக்கொண்டு போனவர்கள் மூன்று வருஷமாக அனுப்பவே இல்லை. ஆடிக்கு இல்லை, பொங்கலுக்கு இல்லை. அவளுக்குக் குழந்தை பிறந்து இருபது நாளில் போய்ச் சேர்ந்தது. அதுகூட எங்களுக்கு ஒரு மாதம் கழித்து, சந்தைக்குப் போய் வந்த யாரோ சொல்லித்தான் தெரியும்.

அப்பா வீம்பு பிடித்தவர். ஒரு நாள்கூட அவள் பேரைச் சொன்னதில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் கொஞ்சம் மிச்சம் வைப்பார். சின்ன வயதில் அக்கா அப்பா தட்டில்தான் சாப்பிடுவாள். அந்த மிச்சத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, அவளை ஒரு தடவையாவது கொண்டுவந்து இவர் எதிரில் உட்கார வைத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு எது வேண்டுமானாலும் நடக்கட்டும் என்று இருந்தது.

பொங்கல் முடிந்த வாரம், யாரும் சாகாத ஒரு நாளில், என் சொந்தக் காரியத்துக்காக முதல் தடவையாக அந்த ரோட்டில் இறங்கினேன். ஓசூரில் விடியற்காலைக் குளிர் பல்லைத் தட்டியது. மேலுமலை தாண்டியதும் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். கிருஷ்ணகிரியில் முதுகு நனைந்துவிட்டது. அணைக்கட்டு வேலைக்குக் கல் ஏற்றிப் போகிற லாரிகளின் பின்னாலேயே புழுதியைத் தின்றுகொண்டு போனேன். இன்றைக்கு யாருக்கும் எந்தக் கெட்ட சேதியும் கொண்டுபோகவில்லை என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. அக்காவிடம் என்ன பேசுவது, மாமாவின் காலில் விழுந்தாவது எப்படி அனுமதி வாங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

வாசலில் அக்கா புளி உலர்த்திக்கொண்டிருந்தாள். மெலிந்து போயிருந்தாள். அவளைப் பார்த்ததும் யோசித்து வைத்த பேச்செல்லாம் மறந்துவிட்டது. சைக்கிளிலிருந்து குதித்தேன். என் கை இருக்கிறதே, பாழாய்ப்போன கை, அது பழகிய வேலையைச் செய்துவிட்டது. முன் சக்கரத்தை வந்த வழிக்குத் திருப்பி, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, வாசலுக்கு வெளியே நின்றேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள். “அய்யோ அப்பா!” என்று ஒரு கத்தல். அப்படியே புளியின் மேலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

இல்லக்கா, இல்லக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளுடைய மாமியார் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார். கொல்லைப் பக்கத்திலிருந்து மண்வெட்டியோடு மாமா வந்தார். மூன்று வருஷமாக எங்கள் பேரைக் கேட்டாலே காறித் துப்பியவர் என்று கேள்வி. மண்வெட்டியைக் கீழே போட்டார், தலைத்துண்டை அவிழ்த்தார்.

“சாவுல என்னாப்பா சண்டை” என்றார். “எப்ப எடுக்கறாங்க?”

அந்த ஒரு நொடியைத்தான் நான் இத்தனை வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இல்லை என்று சொன்னால், மாமா மண்வெட்டியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொள்வார். சொல்லாவிட்டால் அக்கா என்னோடு வருவாள்.

“நாளைக்குக் காலையில எடுக்கறாங்க” என்றேன்.

“அப்ப நீ தம்பிகூட முன்னாடி போ. நான் கோடி எடுத்துக்கினு, நம்ம ஆளுங்களோட காத்தால மொத பஸ்ஸுக்கு வந்துடறேன்” என்று அக்காவிடம் சொல்லிவிட்டார் மாமா. கோடி என்றால் செத்தவர் மேல் போர்த்த மருமகன் கொண்டுவருகிற புதுத் துணி.

கேரியரில் அக்காவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அழுகிறவளை ஏற்றிக்கொண்டு சைக்கிள் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு தடவை அவள் மாரில் அடித்துக்கொள்ளும்போதும் ஹேண்டில்பார் ஒரு பக்கம் இழுக்கும். கிருஷ்ணகிரிக்கு முன்னால் எதிரே ஒரு பாரவண்டி வந்தது. அவள் துவண்டு சரிய, இரண்டு பேரும் ரோட்டில் விழுந்தோம். வண்டிச் சக்கரம் அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. முழங்கை தோல் உரிந்து ரத்தம். அவளுக்கு அது உறைக்கவே இல்லை, எழுந்து உட்கார்ந்து மறுபடி அழுதாள். அப்போதும் எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. இன்னும் காவேரிப்பட்டினம் பக்கத்திலேயே இருந்தோமே, கோபத்தில் திரும்பிப் போய்விட்டால்?

மேலுமலை ஏற்றத்தில் இறங்கித் தள்ளும்போதுதான் சொன்னேன். “அக்கா, அப்பா நல்லாத்தான் இருக்காரு.”

அவள் நின்றாள். “என்னாடா சொல்ற?”

சொன்னேன். பளார் என்று ஒரு அறை. என் காது ங்கொய் என்றது. இரண்டாவது அறைக்குக் கையை ஓங்கியவள், அப்படியே மதகுக் கட்டையில் உட்கார்ந்து, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி குலுங்கினாள். கடைசியில் அது சிரிப்புதான். “அடப்பாவி, உசுரோட இருக்கறவருக்கு எங்க மாமியார என்னா பாட்டு பாட வச்சிட்ட!” அதற்குப் பிறகு ஏற்றம் முழுக்க அவள் வாய் ஓயவில்லை. சூளகிரிப் பாறைகளைக் காட்டி இது என்னா, அது என்னா என்று கேட்டாள். சமதளம் வந்து நான் வேகமாக மிதித்தபோது, “இன்னும் வேகமா போடா!” என்று என் முதுகில் குத்தினாள். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ரோட்டின் பைத்தியம் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்பா களி தின்றுகொண்டிருந்தார். அக்காவைப் பார்த்தார். எப்படி வந்தாள் என்று அவர் கேட்கவில்லை, செத்த கதையை நாங்களும் சொல்லவில்லை. தட்டை அவள் பக்கம் நகர்த்தி, “உக்காரு, சாப்புடு” என்றார். அவ்வளவுதான். அவள் சாப்பிட்டாள். நான் மாட்டுக் கொட்டகைக்குப் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை நடந்ததை எங்கள் தெருவில் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்கள். மாமா, அவருடைய பெரியப்பா, இன்னும் நாலு பேர், கையில் கோடித் துணி, பெரிய மாலை. தெரு முனையிலேயே அவர்களோடு வந்த பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். சத்தம் கேட்டு, வாயில் வேப்பங்குச்சியோடு அப்பா வெளியே வந்தார்.

“யாருப்பா போயிட்டது?” என்று அவர்களையே கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் வாசலில் கட்டியிருந்த எருமைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்பா மாலையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், எருமைக்கு அடியில் தெரிந்த என் காலைப் பார்த்தார். குச்சியைத் துப்பினார். இன்றைக்குக் கொலை விழும் என்று நினைத்தேன்.

“எனக்குன்னு எடுத்தாந்ததுதானே? குடு மாப்ள” என்று கோடியை வாங்கித் தோளில் போர்த்திக்கொண்டார். “நல்ல துணிதான். செத்தப்புறம் போட்டா எனக்கு எங்க தெரியப்போவுது.”

முதலில் சிரித்தது மாமாதான். பிறகு அந்தப் பெரியப்பா. அப்பா உள்ளே போய் வெற்றிலைத் தட்டை எடுத்துவந்து, முதலில் அந்தப் பெரியப்பாவுக்கு நீட்டினார். மூன்று வருஷச் சண்டை அந்த இடத்திலேயே முடிந்தது. மாலையை எங்கள் ஆடு தின்றது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷங்கள் போல என் வாழ்க்கையில் வேறு இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, நான் போய் அக்காவைக் கேரியரில் ஏற்றி வருவேன். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவாள். அந்த முதல் நாளை நாங்கள் எல்லாரும் ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டோம். நான் போய்ச் சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பேன். “அப்பா போயிட்டாருக்கா” என்பேன். அக்கா மாரில் அடித்துக்கொண்டு, ஒரு கண்ணால் சிரித்துக்கொண்டே ஒப்பாரி வைப்பாள். “நெசமாக்கா” என்பேன் நான். காலனி முழுக்கக் கூடிச் சிரிக்கும். “போனவரு எத்தினி மணிக்குத் திரும்பி வர்றாரு?” என்று மாமா கேட்பார். அப்பாவே என்னை அப்படித்தான் அனுப்புவார். “பாத்து நாளாச்சி. போயி, நான் செத்துட்டேன்னு சொல்லி இட்டுக்கினு வா” என்பார்.

சாவை வைத்து இப்படி விளையாடுகிறீர்களே என்று ஒருத்தரும் எங்களைத் தடுக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஊரார் சாவையெல்லாம் சுமந்துகொண்டு திரிந்தவனுக்கு, ஒரு பொய்ச் சாவைச் சுமப்பதில் அவ்வளவு சந்தோஷம்.

மாம்பழக் காலம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அப்பா புல்லுக்கட்டைத் தலைக்குத் தூக்கப் போனவர், அப்படியே கட்டின் மேல் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. நான் ஓடிப் போனபோது கை சில்லிட ஆரம்பித்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். சித்தப்பா என் தோளைப் பிடித்துச் சொன்னார், “நீ போயி அக்காவ இட்டுக்கினு வா. நீங்க ரெண்டு பேரும் வராம நாங்க எடுக்கமாட்டோம்.”

கிளம்பினேன். மேலுமலை இறக்கம் வந்தது. வழக்கம்போலக் காற்று காதில் அடித்தது, சட்டை புடைத்தது. என் உடம்புக்கு அது சுகமாக இருந்தது. சொல்லவே கூசுகிறது, ஆனால் சுகமாகத்தான் இருந்தது. அப்பா செத்து இரண்டு மணி நேரம் ஆகவில்லை. உடம்புக்கு வெட்கம் மானம் கிடையாது. அந்த ஆத்திரத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, இறக்கம் முழுக்க நடந்து போகிறவன் வேகத்தில் இறங்கினேன். அதனால் என்ன ஆகிவிடப் போகிறது, நேரம்தான் போனது.

அக்கா வீட்டு வாசலில் குதித்தேன். கை சைக்கிளைத் திருப்பி நிறுத்தியது. அந்த வாசலில் இன்றைக்குத்தான் அந்த முறைக்கு அர்த்தம் இருந்தது.

“வந்துட்டான்டா எமதர்மன்!” என்று அக்கா உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள்.

“அப்பா போயிட்டாருக்கா” என்றேன்.

மாமியார் சிரித்துக்கொண்டே என் முகத்தை உற்றுப் பார்த்தார். “எவ்ளோ நல்லா நடிக்கறான் பாரு. இந்த தடவ கண்ணுகூட செவந்துகிது.”

“நெசமாக்கா.”

அதையும்தான் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறேனே. அக்கா மாரில் அடித்துக்கொண்டு ஒரு வரி பாடினாள். பாதியிலேயே சிரிப்பு வந்து நிறுத்திவிட்டாள். “போன கோடியவே உங்கப்பன் இன்னும் கிழிக்கல, இந்த தடவ நான் எடுக்கமாட்டேன்” என்று சொல்லி, மாமா தோப்புப் பக்கம் போய்விட்டார். அந்தத் தோப்பில் அன்றைக்குப் பழம் இறக்கும் நாள்.

மூன்றாவது தடவை நான் ஏன் சொல்லவில்லை? தரையில் விழுந்து புரண்டிருக்கலாம். மாமாவைத் துரத்திப் போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். ஆனால் எனக்கு அந்தப் பாரவண்டிச் சக்கரம் ஞாபகம் வந்தது. காலை பஸ் போய்விட்டது, அடுத்தது சாயங்காலம்தான். இந்த ஏற்றம் முழுக்க அழுகிறவளை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்? சிரித்துக்கொண்டே ஏறி உட்காரட்டும், வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அக்கா நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். முந்தானையில் மூன்று மாம்பழம் முடிந்திருந்தாள். “அப்பாவுக்குப் பல்லு ஆடுதுன்னு போன தடவ சொன்னாரே. நல்லா நார் இல்லாததா பாத்து எடுத்து வச்சிருக்கேன்.” ஏறி உட்கார்ந்து என் முதுகில் தட்டினாள். “போ.”

கிருஷ்ணகிரி தாண்டிச் சொல்லலாம் என்றிருந்தேன். ஊருக்கு வெளியே வந்ததும், குருபரப்பள்ளி போகட்டும் என்று நினைத்தேன். மேலுமலை ஏற்றத்தில் இறங்கித் தள்ளினோம். அவள் பக்கத்தில் நடந்தாள். அப்பா இருமுகிறாரா, வெந்நீர் வைத்துக் குடிக்கிறாரா, ராத்திரியில் எழுந்து பீடி பிடிக்கிறாரா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் “ஆமா”, “இல்ல” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். “என்னாடா, இன்னிக்கு வாயில கொழுக்கட்டையா?” என்று கேட்டாள். மேடு மூச்சு வாங்குகிறது என்றேன். “வயசாவுது தம்பிக்கு. ஒரு பொண்ணப் பாக்கச் சொல்லணும் அப்பாகிட்ட” என்று சிரித்தாள்.

அங்கே சொல்லியிருக்கலாம். சூளகிரியில் தண்ணீர் குடிக்க நின்றோமே, அங்கே சொல்லியிருக்கலாம். பாரவண்டி, பஸ் எல்லாம் நான் சொல்லிக்கொண்ட சாக்கு. நிஜம் வேறு. அவள் பின்னால் உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேசப் பேச, எனக்கு அப்பா உயிரோடு இருந்தார். அவள் “அப்பா என்னா பண்ணிக்கினு இருப்பாரு இந்நேரம்?” என்று கேட்டபோது, “புல்லு அறுத்துக்கினு இருப்பாரு” என்று நான் சொன்னேன். சொன்னதும் ஒரு நிமிஷம் அது நிஜமாகவே இருந்தது. அவளுக்குச் சொல்லிவிட்டால் அப்புறம் எனக்கும் அவர் செத்துவிடுவார். அதற்குத்தான் பயந்தேன். என் பயத்துக்கு அவள் சிரிப்பைத் தின்றுகொண்டு வந்தேன், வேறென்ன?

சமதளம் வந்தது. “வேகமா போடா” என்றாள். வேகமாகத்தான் மிதித்தேன். காற்றில் அவள் சேலைத் தலைப்பு படபடவென்று அடித்தது. ரோட்டோரம் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து அவள் கையை ஆட்டினாள். அவர்களும் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் ஓசூரைத் தாண்டி மத்திகிரி ரோட்டில் திரும்பினோம். பண்ணை வேலி ஓரமாகப் போகும்போதே எங்கள் தெருப் பக்கத்திலிருந்து பறைச் சத்தம் கேட்டது.

“அய்யோ பாவம். யாரு ஊட்லடா?” என்றாள் அக்கா.

பிரேக்கைப் பிடித்தேன். இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கேரியரில் உட்கார்ந்தபடியே இருந்தாள், மடியில் மாம்பழம்.

“ஏண்டா நின்னுட்ட? யாருடா?”

“நம்ம ஊட்லதாங்க்கா.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வழியில் எதற்கோ சிரித்த சிரிப்பு அவள் வாயோரத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அது எப்படிப் போனது என்று பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

“காலையிலயே சொன்னேங்க்கா” என்றேன். இந்தக் கேடுகெட்ட வாய் அதைத்தான் சொன்னது.

அவள் அலறவில்லை. கீழே இறங்கினாள். பறை அடிப்பதையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“இத்தினி தூரமும் என்னைச் சிரிக்க வுட்டுட்டியேடா” என்றாள்.

பிறகு தெருவைப் பார்த்து நடந்தாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். வீடு தெரிகிற வரைக்கும் அவள் அழவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், அப்படித் துடைத்துக்கொண்டேதான் அப்பாவிடம் போனாள்.